நெய்தல் நிலத்தில் ஒரு தொழில்நகர்

நுழையும்முன்

சுற்றுலா என்றதும் மலையும் அருவியும் கோயிலும் நினைவுக்கு வருகின்றன. உழைப்பு நிகழும் இடங்களும் காணத்தக்கவையே. சென்னையின் வடபகுதியில் இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் மீனவர் குப்பங்களும் பழம்பெரும் கோயிலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அங்குச் செல்வோர் எவற்றைக் காணலாம், எவ்வாறு செல்லலாம், எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயர்களில் புதைந்த வரலாறு

ஓர் ஊருக்குச் செல்லுமுன் அதன் பெயரை அறிந்துகொள்வது நலம். வடசென்னையின் ஊர்ப்பெயர்கள் தொழிலையும் மனிதரையும் நினைவில் வைத்திருக்கின்றன. இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கிறித்தவர் இராயப்பர் என்பர். அவர் பெயரால் அமைந்த தேவாலயத்தைச் சூழ்ந்த ஊர் இராயபுரம் ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு வந்து தங்கியமையால், அவரைத் தொண்டியார் என்றழைத்த மக்கள் அவ்விடத்தைத் தண்டையார்பேட்டை என வழங்கினர் என்பர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பே காலடிப்பேட்டை. தீப்பெட்டி செய்த விம்கோ நிறுவனத்தின் பெயர் விம்கோ நகர் என்னும் இரயில் நிலையமாக நிலைத்துவிட்டது. நிலையப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே செல்பவருக்குப் பாதி வரலாறு விளங்கிவிடும்.

செல்லும் வழி

இப்பகுதியை அடைய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது புறநகர் மின்தொடர் வண்டி. சென்னை சென்ட்ரலிலிருந்தும் கடற்கரை நிலையத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் வண்டிகள் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் ஆகிய நிலையங்களில் நிற்கின்றன. இராயபுரத்தில் இறங்க விரும்புவோர் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியில் ஏறவேண்டும். இரண்டாவது மெட்ரோ இரயில். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான வழித்தடம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மூன்றாவது மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும்.

இரு சக்கர வாகனத்தில் செல்வோர்க்கு எண்ணூர் விரைவுச்சாலையில் மிகுந்த கவனம் தேவை. துறைமுக வாயில்களுக்குள் நுழையக் காத்திருக்கும் சரக்குப்பெட்டக லாரிகள் அங்கு நீண்ட வரிசையில் நிற்பதுண்டு. ஒரு பெட்டகத்தின் நீளம் 20 அடி அல்லது 40 அடி. இத்தகைய லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. வளைவின் உட்பக்கமாக நெருங்கிச் செல்லும். திரும்பும் லாரியின் உட்புறத்தில் நுழைந்து முந்த முயல்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆகவே இரயிலில் செல்வதே ஏற்றது.

விடியலில் காசிமேடு

இராயபுரம் இரயில் நிலையத்திலிருந்து பயணத்தைத் தொடங்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்தே வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. உயர்ந்த தூண்களைக் கொண்ட இக்கட்டடம், இந்தியாவில் இன்றும் நிலைத்து நிற்கும் இரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானது.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் உள்ளது. இதனைக் காண விரும்புவோர் பொழுது விடியுமுன் செல்லவேண்டும். பல நாள் கடலில் தங்கி மீண்ட விசைப்படகுகளிலிருந்து வஞ்சிரமும் சங்கராவும் இறாலும் கூடை கூடையாக இறங்கும். உடனே ஏலம் தொடங்கும். ஏலத்தில் மீன் மொத்தமாகவே விற்கப்படும். வீட்டுத் தேவைக்கு வாங்குவோர் சில்லறையாக விற்கும் பெண்களிடம் வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாள்களில் வருபவர் கரையில் ஓய்ந்து நிற்கும் படகுகளையும் வலை பின்னும் கைகளையுமே காண்பர்.

தரை எப்போதும் ஈரமாக இருக்கும். வழுக்காத காலணி தேவை. பனிக்கட்டியும் கூடையும் சுமந்து வருவோர்க்கு வழிவிட வேண்டும். அவர்களுக்கு அது வேலை நேரம். ஒருவரைப் படம் எடுக்குமுன் அவரிடம் கேட்பது மரியாதை.

மணலைத் தடுத்த துறைமுகம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா என்னும் தைக்கப்பட்ட படகுகளே அலைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. செயற்கைத் துறைமுகப் பணி 1870களில் தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது; மீண்டும் கட்டப்பட்டது.

துறைமுகத்தின் மதில்கள் அலையைத் தடுத்ததோடு மணலையும் தடுத்தன. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. மதில்களால் தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாவை அகன்ற கடற்கரையாக்கியது. வடக்கே செல்லவேண்டிய மணல் செல்லவில்லை. எனவே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. மீனவர் குப்பங்களும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. வடசென்னையில் மணற்பரப்பைத் தேடுபவர் பெரும்பாலும் கருங்கல் தடுப்புகளையும் தூண்டில் வளைவுகளையும் காண்பதற்குக் காரணம் இதுவே. மெரினாவில் காற்று வாங்குவோர் அமரும் மணலுக்கு வடக்கே ஒரு விலை தரப்பட்டிருக்கிறது. பாசி படர்ந்த அக்கற்களின்மீது ஏறுவது ஆபத்தானது.

துறைமுக வளாகத்துக்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைய இயலாது; பாதுகாப்புப் பகுதிகளில் படம் எடுப்பதும் கூடாது.

ஒற்றியூர்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் தேவார மூவராலும் பாடப்பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்து, மகிழமரத்தடியில் ‘ஊரைவிட்டுப் பிரியேன்’ எனச் சூளுரைத்ததாகவும், அச்சூளை மீறிச் சென்றபோது கண்பார்வை இழந்ததாகவும் பெரியபுராணம் கூறுகிறது. இராமலிங்க அடிகள் இளமையில் இங்கு வந்து வடிவுடையம்மனை வழிபட்டு ‘வடிவுடை மாணிக்க மாலை’ பாடினார். கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் நினைவிடம் உள்ளது. இங்குள்ள ஆதிபுரீசுவரர் திருமேனியின் கவசம் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டுமே திறக்கப்படும். நண்பகலில் நடை சாத்தப்படுமாதலால் காலையிலோ மாலையிலோ செல்வது பொருந்தும்.

ஆலைகளின் வரிசை

கோயில் ஊரே தொழில் ஊராகவும் வளர்ந்தது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய முயற்சி எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாயிற்று. புல்லட் மோட்டார் சைக்கிள்கள் 1955க்குப்பின் இவ்வூரில் உருவாயின. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி எண்ணூரில் லாரிகளையும் பேருந்துகளையும் உருவாக்கியது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கிற்று. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவரவே எண்ணூர்த் துறைமுகம் அமைக்கப்பட்டு 2001இல் செயற்பாட்டுக்கு வந்தது. இன்று அது காமராசர் துறைமுகம்.

நகரின் தென்பகுதியில் எரியும் விளக்குக்கும் ஓடும் வண்டிக்கும் இப்பகுதியின் உழைப்பு தேவைப்படுகிறது. 2011இல்தான் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் சென்னை மாநகராட்சியில் இணைந்தன.

எண்ணூர் முகத்துவாரம்

கொசஸ்தலையாறு கடலில் கலக்குமிடமே எண்ணூர் முகத்துவாரம். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்தில் இறாலும் நண்டும் செழிக்கும்; அவற்றை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்துவருகின்றன. சாம்பலும் கழிவும் சேர்ந்து அந்நீர்நிலையை ஆழம் குறையச் செய்துள்ளன. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கரையெங்கும் படிந்தது. பலர் வாளிகளால் அதனை அள்ளி அகற்றினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து படகுகளையும் வலைகளையும் கருமையாக்கியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர்.

இத்தகைய இடத்துக்குச் செல்வோர் சிலவற்றை அறிந்திருப்பது கடமை. காரநெடி கண்ணையும் மூக்கையும் தாக்கினால் துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். அம்மோனியா நீரில் எளிதில் கரைவதால் ஈரத்துணி ஓரளவு காக்கும். காற்று வீசும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகிச் செல்லவேண்டும். அவசர மருத்துவ உதவிக்கு 108, பொதுவான அவசர உதவிக்கு 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 ஆகிய எண்களை அழைக்கலாம். இராயபுரத்தை அடுத்து அரசு ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது.

தெரியுமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படும். அவை 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. 1, 2ஆம் எண்கள் தொலைவிலுள்ள புயற்சின்னத்தையும், 8 முதல் 10 வரையிலான எண்கள் பெரும் அபாயத்தையும் உணர்த்தும். 11ஆம் எண், வானிலை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துவிட்டதைக் குறிக்கும்.

காண்போர் கடமை

திரைப்படங்கள் வழியாகவே வடசென்னையை அறிந்தோர் அதனைச் சண்டையும் சச்சரவும் நிறைந்த இடமாக எண்ணுவதுண்டு. அங்கு ஒரு பகற்பொழுதைக் கழிப்பவர், விடியலில் மீன் கூடை சுமப்பவரையும், ஆலைச் சங்கின் ஒலிக்கேற்ப நடப்பவரையும், மாலையில் கோயில் தேரடியில் அமர்ந்திருக்கும் முதியோரையும் சந்திப்பார். வழி கேட்டால் உடன்வந்து காட்டுவோர் அங்கு மிகுதி. அவர்கள் வாழும் கரை சுருங்குவதையும் ஆறு கறுப்பதையும் கண்டு திரும்புபவர், தம் வீட்டில் மின்விளக்கின் பொத்தானை அழுத்தும்போது அவ்வூரை நினைத்துக்கொள்வாராயின், அப்பயணம் பயனுடையதாகும்.