கொல்கத்தாவின் தோல் பதனிடும் தொழிலும் கழிவுநீரும்

கொல்கத்தா மாநகரின் கிழக்குப் புறத்தில் டாங்ரா, தில்ஜலா, தோப்சியா, பக்லா டாங்கா என்னும் பகுதிகள் உள்ளன. தோல் பதனிடும் தொழில் இங்கே நெடுங்காலம் நடைபெற்று வந்தது. டாங்ராவில் அதனைப் பெருக்கியவர்கள் சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஹக்கா வகுப்பினர். 1996-ஆம் ஆண்டில் இந்நான்கு இடங்களிலும் சுமார் 550 தொழிற்சாலைகள் இருந்தன. பெரும்பாலானவை சிறியவை. அவற்றின் கழிவுநீர் திறந்த சாக்கடைகளில் ஓடி நகரக் கால்வாய்களில் கலந்தது.

இக்கால்வாய்களின் பயனை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். நகரின் கிழக்கே பரந்துள்ள சதுப்பு நிலத்தில், 'பேரி' எனப்படும் ஆழமற்ற ஏரிகளுக்கு நகரின் கழிவுநீரைப் பாய்ச்சி மீன் வளர்ப்பது அங்குள்ளோரின் வழக்கம். சூரிய ஒளியில் பாசி வளர்கின்றது. மீன் அதனை உண்கின்றது. நீரும் தூய்மை அடைகின்றது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் பெற்றது. வீட்டுக் கழிவை உணவாக மாற்றும் இவ்வேரிகளால் குரோமியத்தை எதுவாகவும் மாற்ற இயலாது. உலோகம் அழிவதில்லை, சேற்றில் தங்கிவிடுகின்றது.

பச்சைத் தோல் 100 கிலோகிராமைப் பதனிட ஏறக்குறைய 3,000 முதல் 4,000 லிட்டர் நீர் செலவாகின்றது. கிடைக்கும் பதனிட்ட தோலோ 20 அல்லது 25 கிலோகிராம்தான். எஞ்சிய மயிர், சவ்வு, கொழுப்பு ஆகியவற்றுள் பெரும்பகுதி நீரோடு செல்கின்றது. மயிரைக் களையச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடுகின்றனர். அந்நீர் காரத்தன்மை உடையது. பின்னர் ஆவாரம் பட்டைக்குப் பதிலாக இக்காலத்தில் பெரும்பாலும் பயன்படுவது குரோம் உப்பு. தோல் இதில் 60 அல்லது 70 சதவீதத்தையே ஏற்றுக்கொள்கின்றது. மிச்சம் நீலப்பச்சை நிறமுள்ள அமில நீராக வெளிவருகின்றது.

ஆகவே, ஒரு சிறு தொழிற்சாலையிலிருந்து காலையில் அமிலம் வரும். மாலையில் காரம் வரும். மறுநாள் ஒன்றுமே வராது. கழிவை உண்டு நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்கோ ஒரே சீரான உணவும், இடையறாத பிராணவாயுவும் வேண்டும். கழிவை இவை சிதைப்பதற்குச் செலவாகும் பிராணவாயுவின் அளவைக் கொண்டே அசுத்தம் மதிப்பிடப்படுகின்றது. தோல் கழிவுநீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருக்கும் இவ்வளவை, ஆற்றில் விடுமுன் 30-ஆகக் குறைக்கவேண்டும். சிறு முதலாளியிடம் இதற்கான நிலமும் இல்லை, இரசாயன நிபுணரும் இல்லை. பல தொழிற்சாலைகளின் நீரை ஒரே தொட்டியில் சேர்த்தால் ஏற்றத்தாழ்வுகள் ஓரளவு தாமே சமனாகின்றன, செலவும் பகிரப்படுகின்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தத்துவம் இதுவே.

1996 ஆகஸ்டில் வேலூர்ப் பகுதித் தொழிற்சாலைகள் பற்றித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதே ஆண்டு டிசம்பர் 19-இல் கொல்கத்தாத் தொழிற்சாலைகளை நகரைவிட்டு அகற்றுமாறு ஆணையிட்டது. தெற்கு 24 பர்கனா மாவட்டத்தில் பன்டாலா என்னுமிடத்தில் சுமார் 1,100 ஏக்கரில் தோல் தொழில் வளாகம் அமைந்தது. குறித்த காலத்தில் இடமாற்றம் முடியவில்லை. பல ஆண்டுகள் நீடித்தது. டாங்ராவின் பழைய கட்டடங்களில் சில இன்று சீன உணவு விடுதிகளாக விளங்குகின்றன. பன்டாலாவின் பொது நிலையம், நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் நீரை ஏற்கும் பகுதிகளாகக் கட்டப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு பிற்காலத்தில் தொழிலதிபர்களின் சங்கத்திடமே வந்தது.

நிலையம் கட்டியதோடு கடமை முடிந்ததெனக் கருதுவது பெருந்தவறு. குரோம் நீரைத் தனியே பிரிக்காது பொதுக் குழாயில் விட்டால், அங்குள்ள சுண்ணாம்பு நீருடன் சேர்ந்து குரோமியம் படிகின்றது. நீர் தெளிந்துவிடும், ஆனால் கசடு நஞ்சாகி, எருவுக்கும் உதவாது போகும். தொழிற்சாலையிலேயே அந்நீரைப் பிரித்து மெக்னீசியம் ஆக்ஸைடு சேர்த்தால் குரோமியம் அடியில் தங்கும். அதனைக் கந்தகாமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். இத்தாலியில் சாந்தா குரோச்சே நகரின் தொழிலதிபர்கள் 1981-இல் இதற்கெனவே ஒரு கூட்டு நிறுவனம் கண்டனர். தொழிற்சாலைகளின் குரோம் நீரைத் தனியே திரட்டி, மீட்ட உப்பை உரியவர்க்கே திருப்பித் தருகின்றனர். பொதுச் சாக்கடையில் நீலப்பச்சை நிறம் தென்பட்டால், யாரோ ஒருவர் தம் பங்கைச் செய்யவில்லை என்று களப்பணியாளர் ஐயுறலாம்.

உப்பின் நிலையும் இத்தகையதே. பச்சைத் தோல் கெடாதிருக்கத் தூவிய உப்பை, ஊறவைக்குமுன் உதறி எடுப்பது எளிது. நீரில் கரைந்தபின் எந்த நுண்ணுயிரும் அதனைத் தொடுவதில்லை. தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் இதற்கெனச் சவ்வு வடிகட்டிகளையும் ஆவியாக்கும் கருவிகளையும் அமைக்க நேர்ந்தது, மின்செலவு மிகுந்தது. கட்டணத்தை அளவுமானி கொண்டு, விடும் நீருக்கேற்ப வசூலிக்காமல் அனைவருக்கும் ஒன்றாக வைத்தால், உப்பை உதறுபவருக்கும் நீரைச் சிக்கனம் செய்பவருக்கும் ஊதியம் ஏது?

அலட்சியத்தின் விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர் முதலாளிகள் அல்லர். 2015 ஜனவரி 31-இல் ராணிப்பேட்டையில் ஒரு பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கியோர்மீது சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

மயிரும் சுண்ணாம்பும் வடிகட்டப்படாமல் வந்தால் குழாய் அடைபடுகின்றது. யாரேனும் குழியில் இறங்க நேரிடுகின்றது. சல்பைடு நீருடன் அமில நீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றத்தால் இதனை அறியலாம் என்று பாடநூல்கள் கூறும். ஆயினும் செறிவு மிகும்போது மூக்கு மரத்து நாற்றம் மறைந்துவிடும் என்பதை ஆசிரியர்கள் சேர்த்தே கற்பிக்கவேண்டும். நாற்றம் இல்லாமை அபாயம் இல்லாமை ஆகாது. கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் சாக்கடைக் குழிகளில் ஆட்கள் இறங்குவதை 2025 ஜனவரி 29-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. நான்கு நாட்கள் கழித்து, பிப்ரவரி 2-இல், பன்டாலா வளாகத்தின் கழிவுநீர்க் குழியில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.