முகம் பாராமல் எழுதிய முடிவு

ஆஸ்திரேலியாவில் அகதிகளுக்கான பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டவர், நீதிபதியாவது தன்னை நம்புவார் என்ற நினைப்போடுதான் கோர்ட் படி ஏறுகிறார். ஆனால் ஊர் திரும்பினால் ஆபத்து உண்டா, சொன்னது உண்மையா என்பதையெல்லாம் தீர்மானிக்க அந்த நீதிபதிக்கு அதிகாரமே இல்லை. விசாவை மறுத்தவர்கள் சட்டப்படி நடந்துகொண்டார்களா என்பதை மட்டுமே அவர் பார்ப்பார். பிழை இருந்தால் முடிவு ரத்தாகி, வழக்கு மறுபடி மீளாய்வுக்கே போகும். வழக்கில் ஜெயித்தாலும் விசா கைக்கு வராது. மனுப்போட 35 நாள்தான் கெடு.

இவ்வளவு குறுகலான வழியிலும் ஈழத்தமிழர் சிலர் பெரிய தீர்ப்புகளை வாங்கியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் தீவில் கரையேறிய இருவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2010 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அங்கே அதுதான் நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம்.

அதன் பிறகும் விசாரணை சுருங்கத்தான் செய்தது. 2012 ஆகஸ்ட் 13 முதல் 2013 முடியும்வரை படகில் வந்தவர்களுக்கென்று 2015இல், அதிகாரி விசா மறுத்தால் அதை மறுபரிசீலிக்கத் தனியாக ஒரு மீளாய்வு அமைப்பு உருவானது. பெரும்பாலும் கோப்பை மட்டும் படித்தே முடிவெடுத்த அமைப்பு அது. விண்ணப்பித்தவரை அழைத்துப் பேசவேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. புதிய ஆதாரம் கொடுப்பதென்றாலும் விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதாகக் காட்டவேண்டியிருந்தது. சித்திரவதைக்கு ஆளானவர் முதல்நாளே எல்லாவற்றையும், அதுவும் மொழிபெயர்ப்பாளர் முன்னால், கொட்டிவிடுவார் என்று எப்படித்தான் எதிர்பார்த்தார்களோ!

அகதிக் கோரிக்கையாளரின் பெயரை நீதிமன்றம் வெளியிடக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அதனால் ஏபிடி17 என்ற குறியீட்டில் மட்டுமே நமக்குத் தெரிந்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு, இந்த அமைப்பு எப்படி நடந்துகொண்டது என்பதைக் காட்டியது. ராணுவத்தினரிடம் தான் பட்ட கொடுமையைச் சொன்னார். நேரில் கேட்ட அதிகாரி அதை நம்பினார், ஆனாலும் வேறு காரணங்களால் விசாவை மறுத்தார். கோப்பையும் ஒலிப்பதிவையும் மட்டும் வைத்துக்கொண்ட மீளாய்வு அமைப்போ, அதிகாரி நம்பியதில் ஒரு பகுதியையே நம்ப மறுத்தது. நேரில் கண்டவர் நம்பியதை, அவரை அழைத்துப் பாராமலே தள்ளியது சட்டப்படி நியாயமற்றது என்று 2020 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனம் குளிரவைத்த தீர்ப்பு. ஆனால் அதிகாரியின் நம்பிக்கை தலைகீழாக்கப்பட்ட இதுபோன்ற வழக்குகளுக்குத்தான் அது பொருந்தும். முதல் அதிகாரியே நம்பாமல் விட்டவர்களுக்கு இதனால் பெரிய பயனில்லை.

2023 பிப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி பிறந்தது. மறுக்கப்பட்டவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2024 அக்டோபர் 14 அன்று புதிய தீர்ப்பாயம் வந்தபோது அந்தத் தனி அமைப்பும் இல்லாமல் போனது. அது எழுதிய மறுப்புகள் அப்படியே நிற்கின்றன. அந்த முறை சரியில்லை என்று அரசு மூடிவிட்ட பிறகு, அதில் தள்ளப்பட்டவர்களை ஒருமுறையாவது உட்காரவைத்து நேரில் கேட்பதுதானே முறை? பத்தாண்டுக்கு மேல் அங்கேயே உழைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.