சிறு விரல்கள் யாருக்குச் சொந்தம்?

நாலு வயதுக் குழந்தையின் கையை உங்கள் உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். பஞ்சு போன்ற அந்தக் கை, பார்வைக்கு நம் கையின் சிறு பிரதியாகவே தோன்றும். ஆனால் உள்ளே நிலைமை வேறு. வயது வந்தவர்களின் மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டிலோ பொதுவாக அவற்றில் ஒன்றுகூட எலும்பாக உருவெடுத்திருப்பதில்லை. எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். வருஷங்கள் செல்லச் செல்ல அவை ஒன்றன்பின் ஒன்றாக இறுகி எலும்பாகின்றன. எட்டாவது எலும்பு உருவாகத் தொடங்குவதற்குள் குழந்தைக்கு ஏறக்குறையப் பத்து வயதாகிவிடும். ஆகவே, நாலு வயதுக் கை என்பது இன்னும் கட்டி முடியாத வீடு. சாரம் பிரிக்கவில்லை, சுவரில் ஈரம் காயவில்லை. அந்த வீட்டின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் யோசிக்க வேண்டிய விஷயம்.

எல்லா ஊர்களிலும் யோசிக்க வேண்டியதுதான். என்றாலும், விருதுநகர் ஜில்லாவில் இதைப் பற்றிப் பேசுவதற்கு விசேஷ காரணம் ஒன்று உண்டு. குழந்தையின் விரலுக்கு விலை வைத்துப் பார்த்த பூமி அது.

தீப்பெட்டியும் விரலும்

சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த சீமை. மழையை நம்பி ஏர் பிடித்தவர்கள் பலமுறை ஏமாந்த சீமை. அங்கிருந்து 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-இல் சிவகாசியில் அத்தொழில் தொடங்கிற்று. பயிருக்குப் பகையாயிருந்த வறண்ட காற்று, மருந்து முக்கிய குச்சியை உலர்த்துவதற்கு உறவாயிற்று. பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் தழைத்தன. "குட்டி ஜப்பான்" என்ற பெயரும் ஊருக்கு வந்து சேர்ந்தது. பிறர் தயவை எதிர்பாராமல் தம் கையால் எழுந்து நின்ற ஊர் என்று தேசாபிமானிகள் பெருமைப்படுவதில் பிழையில்லை.

ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு பின்புறமும் இருந்தது. கைத்தொழிலாக நடக்கும் தீப்பெட்டி வேலையில், குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். பிறகு பெட்டி ஒட்ட வேண்டும். லேபிள் ஒட்ட வேண்டும். குச்சியைப் பெட்டியில் அடைக்க வேண்டும். இத்தகைய வேலைகளுக்குச் சிறுவர் சிறுமியரின் மெல்லிய விரல்களே ஏற்றவை என்று வெகுகாலம் ஒரு வாதம் சொல்லப்பட்டு வந்தது. 1970-களிலும் 1980-களிலும் விடிவதற்கு முன்பே கிராமங்களுக்குள் பஸ் வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை "ஆபீஸ்" என்றே சொல்வது வழக்கம்: தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். "அக்கா எங்கே?" என்று கேட்டு, "ஆபீசுக்குப் போயிருக்கிறாள்" என்று பதில் வந்தால், வெளியூர்க்காரர் ஏதோ உத்தியோகம் என்று எண்ணிக்கொள்வார். அக்காவுக்குப் பத்து வயதுகூட நிரம்பியிராது!

மரச்சட்டத்திலிருந்து அந்தக் குழந்தைகளை விடுவிப்பதற்கு அரசாங்கச் சட்டம் வர வேண்டியதாயிற்று. 1986-இல் இயற்றிய சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் அமர்த்தக் கூடாதென்று தடுத்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம். ஸி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சட்டத்தை மீறி வேலை வாங்கிய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தத் தொகை குழந்தையின் நலனுக்கே செலவாக வேண்டும் என்பது அதன் சாரம். 2016-இல் வந்த திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்துவதைத் தடுத்தது. அபாயமான தொழில்களில் 18 வயது வரைக்கும் தடை விதித்தது.

மெல்லிய விரல் வாதம் என்ன ஆயிற்று? அதே வேலைகளை இன்று வயது வந்த பெண்களும் யந்திரங்களும் செய்கிறார்கள். நம் வீட்டு அடுப்பும் குத்துவிளக்கும் எரியாமல் போய்விடவில்லை. சிறு விரலுக்கு இருந்த உண்மையான விசேஷம், அதற்குக் கொடுத்த கூலியும் சிறியது என்பதுதான்.

கைக்கு வேலை வேண்டும்

அப்படியானால் குழந்தையின் கையை மடியில் கட்டிப்போட்டு வைக்கலாமா? அது முடியாத காரியம். முடிந்தாலும் செய்யத் தகாத காரியம். குழந்தையின் கை, வேலை செய்தே வளருகிறது. வளர்ச்சிக்கு ஒரு கிரமம் உண்டு. முதலில் தலை நிற்கும். பிறகு உடம்பு நிமிரும். தோள் உறுதிப்பட்ட பின் முழங்கை, அதன்பின் மணிக்கட்டு, கடைசியாக விரல் நுனி என்று பலம் உள்ளிருந்து வெளியே பரவுகிறது. ஏணி ஏறாத குழந்தைக்கு, மண் வெட்டாத குழந்தைக்கு, பென்சில் பிடிக்கும் விரலில் பலம் எப்படி வரும்? அடிமரம் இல்லாமல் நுனிக்கொம்பு உண்டா?

இந்தத் தத்துவம் நம் நாட்டுக்குப் புதியதன்று. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தாணியையும் ஓலையையும் முதல் நாளே கொடுத்துவிடவில்லை. மணலைப் பரப்பி, அதன்மேல் விரலால் எழுதவைத்தார்கள். எழுத்தின் உருவம் முதலில் விரல் நுனிக்குத் தெரிந்தது. பிறகுதான் கருவி வந்தது. 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மாண்டிஸோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவச் சொன்னதும் இதே காரணத்தினால்தான். அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்த காலத்தில் சில வருஷங்கள் கொடைக்கானலில் தங்கியிருந்து, 1946-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். பொத்தான் மாட்டுதல், தண்ணீர் ஊற்றுதல், துடைத்தல், மடித்தல் ஆகிய வீட்டு வேலைகளையே அவர் பாடமாக்கினார்.

மகாத்மா காந்தி 1931-இல் லண்டனில் அவரைச் சந்தித்தார். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், ஏழு வயது முதல் கைத்தொழிலின் மூலமே கல்வி கற்பிக்க வேண்டும் என்ற யோசனையைக் காந்தியடிகள் முன்வைத்தார். அதை ஆராய்ந்த ஜாகீர் ஹுஸேன் கமிட்டி யோசனையை ஏற்றுக்கொண்டதோடு, ஓர் எச்சரிக்கையும் செய்தது: கல்வியின் நோக்கத்தை மறந்து, பொருள் உற்பத்தியையும் வருமானத்தையும் பெரிதாக்கிவிடும் அபாயம் இதில் உண்டு என்றது. சிவகாசியின் கதையை அறிந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையின் அருமை நன்றாக விளங்கும்.

மூலைக்கு மூலை ஒரு பாடம்

1975-ஆம் வருஷம் காந்தி ஜயந்தி அன்று, குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தேசத்தில் ஆரம்பமாயிற்று. அதன் வழியாக ஊர்தோறும் வந்தவையே அங்கன்வாடிகள். ஜனங்கள் "பால்வாடி" என்றே சொல்வார்கள். தாய் ஆபீசுக்குப் போகும் வட்டாரத்தில் பால்வாடி செய்யும் உபகாரம் இரண்டு. சின்னக் குழந்தைக்குச் சோறும் விளையாட்டும் கிடைக்கின்றன. தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்துகொண்டு வீட்டில் நிற்க வேண்டிய அக்கா பள்ளிக்கூடம் போகிறாள்.

நன்றாக நடக்கும் பால்வாடியில் கரும்பலகையைவிட மூலைகளுக்கே மதிப்பு அதிகம். இருபது குழந்தைகளை ஒரே பாயில் உட்காரவைத்து ஒரே பாட்டைப் பாடச் சொல்வதற்குப் பதிலாக, நாலைந்து பேராகப் பிரித்து ஒவ்வொரு மூலைக்கும் அனுப்பிவிடுவார்கள். கால் மணியோ இருபது நிமிஷமோ கழிந்ததும் இடம் மாறலாம்.

மண் மூலையில் ஈரக் கரிசலைப் பிசைந்து உருண்டை பிடிக்கிறார்கள். உள்ளங்கைக்குப் பலம் வருகிறது. தண்ணீர் மூலையில் ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்குச் சிந்தாமல் ஊற்றுகிறார்கள். கண்ணும் மணிக்கட்டும் ஒத்துழைக்கப் பழகுகின்றன. கோக்கும் மூலையில் பெரிய மணிகளை நூலில் கோக்கிறார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கக் கற்கின்றன. காகித மூலையில் பழைய பத்திரிகையைக் கிழிப்பதும் மடிப்பதும் நடக்கும். வீட்டில் கிழித்தால் அடி. இங்கே கிழித்தால் பாராட்டு! வாசலில் சாக்கட்டியால் கட்டம் போட்டு நொண்டியடிப்பதும், பனங்காய் வண்டி உருட்டுவதும் பெரிய தசைகளுக்கான பாடம். சோளத்தட்டையை ஒடித்து வண்டி செய்யும் கலையை எந்தக் கிராமத்துத் தாத்தாவும் இனாமாகக் கற்றுக்கொடுப்பார்.

உபாத்தியாயினிக்கு இங்கே பேச்சுக் குறைவு, பார்வை அதிகம். யார் இடது கையைத் தேடுகிறான், யாருக்கு மணி நழுவுகிறது, யார் மூலையை விட்டு நகர மறுக்கிறாள் என்பவற்றையெல்லாம் அவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜாக்கிரதையும் வேண்டும். புளியங்கொட்டை, சோழி போன்ற சிறு பொருள்களை மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கொடுக்கலாகாது. வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொண்டுவிடும். தண்ணீர் வாளியின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். மருந்து முக்கிய குச்சியும், தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் வெடிக்காத வெடியும் எந்த வயதுக் குழந்தைக்கும் விளையாட்டுச் சாமான் ஆகா.

மூன்று கேள்விகள்

"இங்கேயும் விரலுக்குத்தானே வேலை? குச்சி அடுக்குவதற்கும் மணி கோப்பதற்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும்.

குழந்தை நினைத்தபோது நிறுத்தலாமா? மணி கோக்கிற குழந்தை அலுத்துவிட்டால் எழுந்து மண் மூலைக்குப் போகும். சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில் எழுந்திருக்க முடியாது.

அசைவு மாறுகிறதா? பிசைதல், ஊற்றுதல், கிழித்தல், தாவுதல் என்று உடம்பு முழுவதும் பங்கெடுக்கும் வேலையே வளர்ச்சி தரும். நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்தால், அந்த ஓர் அசைவில் வேகம் வரும், மற்றதெல்லாம் வாடும்.

செய்த பொருள் யாருக்குச் சொந்தம்? மண் உருண்டை கோணலாயிருந்தாலும் குழந்தையினுடையது. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டலாம், வேண்டாமென்றால் நசுக்கிவிடலாம். அடுக்கின சட்டத்தை நசுக்க முடியுமா?

நம் வீட்டுச் சட்டம்

இவ்வளவையும் படித்துவிட்டு, "நல்ல வேளை, நம் குழந்தை பயர் ஆபீசுக்குப் போகவில்லை" என்று சில வாசகர்கள் பெருமூச்சு விடக்கூடும். தயவு செய்து அதே மூன்று கேள்விகளை நம் வீட்டுக் கூடத்திலும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்க்கிறோம். மாலையில் நோட்டுப் புத்தகம் வருகிறது. ஒரு பக்கம் முழுவதும் "அ". அடுத்த பக்கம் முழுவதும் இங்கிலீஷ் எழுத்து. குழந்தை நினைத்தபோது நிறுத்தலாமா? கூடாது, பக்கம் நிரம்ப வேண்டும். அசைவு மாறுகிறதா? இல்லை. செய்த பொருள் யாருக்கு? பள்ளிக்கூடம் பெற்றோருக்குக் காட்டுவதற்கு. பெற்றோர் பக்கத்து வீட்டுக்குக் காட்டுவதற்கு. கூலியைத் தவிர மற்ற அம்சங்கள் எல்லாம் பொருந்திவிட்டன அல்லவா?

பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதில் வட்டம் போடுவார்கள், நாலில் கூட்டல் குறி, ஐந்தில் சதுரம். நேர்கோடுகளாலான "ட"வும் "ப"வும் கைக்கு எளிதானவை. "அ"வில் சுழி உண்டு, வளைவு உண்டு, குறுக்குக் கோடு உண்டு, நிமிர்ந்த கோடும் உண்டு. சதுரம் வராத கையிடம் "அ"வைக் கேட்பது, நடக்கத் தெரியாதவனிடம் பரதநாட்டியம் கேட்பது போலத்தான். பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதும் குழந்தைக்கு எழுத்தின்மேல் பிரியம் வராது, பயம்தான் வரும். முதல் வகுப்பில் வந்து உட்காரும்போதே எழுத்தை வெறுக்கக் கற்றுவிட்ட பாலர்களை என்னைப் போன்ற உபாத்தியாயர்கள் வருஷந்தோறும் பார்க்கிறோம்.

கையை வளர்ப்பதற்கு விலையுயர்ந்த சாமான் எதுவும் வேண்டியதில்லை. நம் சமையலறையே மூலைகள் நிறைந்த பள்ளிக்கூடம். மொச்சை உரிக்கலாம்; கீரை ஆயலாம்; சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கேட்டு வாங்கி உருட்டலாம். கைக்குட்டை மடிக்கலாம், தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டலாம். நாம் மாட்டினால் அரை நிமிஷம். குழந்தை மாட்டினால் ஐந்து நிமிஷம். அந்த நாலரை நிமிஷம் காத்திருப்பதுதான் பெற்றோருக்குள்ள பாடம்; அதுவே கொஞ்சம் கடினமான பாடமும்கூட.

விருதுநகர் என்றதும் தேசத்தாருக்கு நினைவு வருகிறவர் காமராஜர். சிறு வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போக நேர்ந்தவர் அவர். அந்தப் பிள்ளை பெரியவராகி முதன் மந்திரியானபோது, 1956-இல் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு கிடைக்க வழி செய்தார். வயிற்றுக்குச் சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பது அவர் கண்ட உண்மை. வந்த பிள்ளையின் கைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பது மிச்சமுள்ள கேள்வி.

இன்று மாலை உங்கள் வீட்டில் நாலு வயதுக் குழந்தை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், அதை மெதுவாக மூடிவையுங்கள். ஒரு முறத்தில் கொஞ்சம் மொச்சைக்காயைக் கொட்டி, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். பாதிப் பருப்பு தரையில் உருளும். உருளட்டும்; பொறுக்கி எடுப்பதும் விரலுக்கு நல்ல பயிற்சிதான்.