கண்மாய்க் கரையில் கட்சிக்கொடி வேண்டாம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை அரண்போல் நிற்கிறது. அங்கே பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, வரத்துக்கால் வழியே ஒரு கண்மாயை நிரப்புகிறது. அது நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. இப்படிச் சங்கிலிபோல் கோத்த கண்மாய்களை நம்பியே இப்பகுதிச் சிறு விவசாயிகள் ஏர் பூட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் நெல் நிச்சயம். தண்ணீர் மிஞ்சினால் மாசிப்பட்டத்தில் பருத்தியும் போடலாம். பெருகாவிட்டால் கடன்தான் மிஞ்சும்.

மழை பொய்ப்பதை நாம் தடுக்க முடியாது. ஆனால் பெய்த மழையும் பயிருக்கு வந்து சேராமல் போவதற்கு நம்முடைய ஒற்றுமைக் குறைவே பல ஊர்களில் காரணமாக இருக்கிறது. இதை நான் நேரில் கண்டேன்.

ஒரு மடையின் கதை

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் பருத்தியில் செயல்விளக்கம் அமைக்கச் சென்றிருந்தேன். விதைநேர்த்தி, இடைவெளி, உரமிடுதல் என்று அரைமணி நேரம் பேசினேன். பெரியவர் ஒருவர் எழுந்து, "சார், விதை கிடக்கட்டும். மடை ஒழுகுது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். "அது நம்ம வேலை இல்லையே, அண்ணாச்சி. பாசன அலுவலகத்தில் சொல்லுங்கள்" என்று பதில் சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன்.

அந்த ஊரில் அப்போது இரண்டு கட்சிக்காரர்கள் எதிரெதிராக நின்றார்கள். மடையைப் பழுது பார்க்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் பெயரால் வேலை நடக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. ஆளுக்கொரு மனு எழுதினார்கள். ஒரு மனுவில் வடக்கு மடை என்றும், மற்றொன்றில் தெற்கு மடை என்றும் இருந்தது. அலுவலகத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, விளக்கம் கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

அவ்வாண்டு கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. ஒருநாள் இரவு மடைப்பலகை பெயர்ந்தது. விடியுமுன் தேவையற்ற வயல்களில் எல்லாம் தண்ணீர் பாய்ந்து ஓடையில் கலந்தது. தை மாதம் நான் மறுபடி சென்றபோது, கடைமடையில் நெல் பொதி கட்டிய நிலையில் காய்ந்து நின்றது. என்னிடம் மடையைப் பற்றிக் கேட்ட பெரியவரின் வயலும் அதில் ஒன்று. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

பிறகு ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டார்கள். அறுபது சென்ட் கடைமடை நிலம் வைத்திருந்த ஓர் அம்மாள், "என் வயலுக்கு வந்து எந்தக் கட்சிப் பயிரு காஞ்சதுன்னு பாத்துச் சொல்லுங்கய்யா" என்றார். அதன்பின் ஒரே மனு எழுதப்பட்டது. ஆயக்கட்டுதாரர் அனைவரும் கையொப்பமிட்டார்கள். அடுத்த கோடையில் மடை பழுது பார்க்கப்பட்டது. அந்த இருவரும் அதனால் நண்பர்களாகிவிடவில்லை. வரத்துக்கால் ஆக்கிரமிப்பும் இன்னும் முழுதாக நீங்கவில்லை. ஆயினும் மடை நிற்கிறது.

நாம் இழப்பது எவ்வளவு?

100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் ஓர் அடி உயரத்துக்கு வண்டல் படிந்தால், 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடி தண்ணீர் தங்கும் இடம் போய்விடும். நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ நான்கு அடி உயரத் தண்ணீர் வேண்டும். ஆகவே 25 ஏக்கர் நெல்லுக்கான தண்ணீரை மண் பிடித்துக்கொண்டது என்று பொருள். பருத்திக்கு இதில் பாதி போதும். அந்தக் கணக்கில் 50 ஏக்கர் பருத்தி போகிறது. ஆவியாவதும் கசிவதும் தனி. இந்த நட்டம் முதலில் விழுவது கடைமடைக்காரர் தலையில்தான்.

முன்னோர் அனுபவம்

கரையைக் காப்பதும் கால்வாய் வெட்டுவதும் குடிமராமத்து என்ற பெயரில் ஊராரின் கடமையாக இருந்தன. 1858-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் இருந்தது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியபோதும், செலவில் 10 சதவிகிதம் விவசாயிகளின் பங்காக வைக்கப்பட்டது. கடல் கடந்து பாலித் தீவில் 'சுபக்' என்னும் பாசனச் சங்கங்கள் பல நூற்றாண்டுகளாகத் தண்ணீரைப் பங்கிட்டு வருகின்றன. 2012-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அரசியலே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். 1952 தேர்தலில் சொந்தப் பகுதியிலேயே தோற்றார். ஆயினும் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். பதவி போனாலும் ஊர்ப்பணி நிற்கும் என்பதற்கு இது சான்று.

தமிழக விவசாயிகள் சங்கத்தின் வரலாறும் ஒரு பாடம். சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து மாட்டுவண்டிகள் கோவை நகரை நிறைத்தன. எல்லாக் கட்சி விவசாயிகளும் அதில் இருந்தார்கள். 1982-ல் நாயுடு அவர்கள் தனிக் கட்சி தொடங்கினார். சங்கமாக நின்றபோது இருந்த பலம் தேர்தலில் வாக்காக மாறவில்லை. 1984-ல் அவர் காலமானார். அவருடைய தொண்டு பெரிது. ஆனால் சங்கம் வேறு, கட்சி வேறு என்பதை நாம் மறக்கலாகாது.

சங்கம் செய்ய வேண்டியவை

1. முதலில் கண்மாய் யாருடையது என்று அறிய வேண்டும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையையும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தையும் சாரும். இடம் மாறிச் சென்ற மனு மாதக்கணக்கில் தூங்கும்.

2. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி, ஆயக்கட்டு விவசாயிகள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தேர்தல் மூலம் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். கடைமடைக்காரருக்கும் பெண்களுக்கும் அதில் இடம் தர வேண்டும். தலைமடைக்காரர் மட்டுமே கூடிய சங்கம் தண்ணீரைப் பங்கிடாது.

3. மனுவில் குறையை அளந்து எழுதுங்கள். எந்த மடை, கரையில் எத்தனை அடி உடைப்பு, வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் அடைபட்டுள்ளது என்று குறிக்க வேண்டும். கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

4. கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கண்மாய் வேலைக்குத் தீர்மானம் போட இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கோடைக்குள் வேலை முடிக்க அவகாசமும் இருக்கும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்தபின் கலைய வேண்டும். நகராட்சி எல்லைக்குள் கண்மாய் இருந்து சாக்கடை கலந்தால், பகுதி சபையில் எழுப்பலாம்.

5. பதில் வராவிட்டால், மாதந்தோறும் விருதுநகரில் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நகலுடன் செல்லுங்கள். அங்கும் பயனில்லையேல் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்கலாம்.

6. வயலுக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற 2024-ல் வழி செய்யப்பட்டுள்ளது. மேல்வண்டலை மட்டும் சீராக எடுக்க வேண்டும். கரையின் அடியிலும் மடையின் அருகிலும் தோண்டினால் கரைக்கே ஆபத்து. செம்மண், மணற்பாங்கான நிலங்களில் வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

7. ஆக்கிரமிப்பைத் தாமே இடிக்கப் புறப்படக் கூடாது. அடிதடி, வழக்கு என்று பணம் கரையும். நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லைக்கல் நடக் கோருங்கள். சங்க உறுப்பினரே ஆக்கிரமித்திருந்தால் முதலில் அவர் விலக வேண்டும். இல்லையெனில் மற்றவரைக் கேட்க நமக்கு வாய் இராது.

8. வரவு செலவை மாதம் ஒருமுறை சாவடிப் பலகையில் எழுதி வையுங்கள். பல சங்கங்களை உடைத்தது கட்சியைவிடக் கணக்குத்தான்.

கட்சித் தொடர்பு உள்ளவர்களை ஒதுக்க வேண்டியதில்லை. ஆளுங்கட்சியில் ஆள் தெரிந்தவர் ஒருவழியிலும், எதிர்க்கட்சியில் தெரிந்தவர் மறுவழியிலும் முயலட்டும். ஆனால் இருவர் கையிலும் இருக்க வேண்டியது சங்கத்தின் ஒரே மனு.

ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை இழுக்கும்போது பக்கத்தில் வடம் பிடிப்பவர் எந்தக் கட்சி என்று நாம் கேட்பதில்லை. கேட்டு நின்றால் தேர் நிலைக்கு வராது. அடுத்த ஐப்பசி வருவதற்குள் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து நடந்து பாருங்கள். ஒழுகும் மடையை இன்றே குறித்து வையுங்கள்.