புகை அலாரத்தை எங்கே பூட்டுவது?



எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வாங்கிய புகை அலாரத்தை நான் குசினியில்தான் பூட்டினேன். நெருப்புப் பிடிப்பதென்றால் அடுப்படியில்தானே என்பது என் கணக்கு. மிளகாய் வறுத்தாலும் கத்தியது, கடுகு தாளித்தாலும் கத்தியது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்த மனைவி, பற்றறியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டார். அதன்பிறகு அது சீலிங்கில் வெறும் அலங்காரமாகவே இருந்தது.

2018 நவம்பர் 26ஆம் திகதி அதிகாலை, சொலத்தூர்ன் நகரில் ஒரு மாடிக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. சிறுவர்கள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். எங்களைப் போல் அகதிகளாக வந்த குடும்பங்களும் அங்கே வசித்தன. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றுதான் லாச்சியைத் திறந்து பற்றறியைத் தேடினேன்.

நித்திரையில் இருப்பவரைப் புகை மணம் எழுப்பும் என்று நம்பாதீர்கள். நாம் உறங்கும்போது மூக்கும் உறங்கிவிடும், காது மட்டுமே விழித்திருக்கும். ஆகவே அலாரம் சமைக்கும் இடத்துக்கு அல்ல, படுக்கும் இடத்துக்கே முதலில் தேவை.

ஒவ்வொரு படுக்கையறையிலும், பிள்ளைகளின் அறையிலும், வாசல்கதவுக்குப் போகும் நடையிலும் ஒவ்வொன்று பூட்டுங்கள். சூடான புகை மேலே எழும் என்பதால் சீலிங்கின் நடுவே, சுவரிலிருந்து குறைந்தது 50 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கவேண்டும். குசினி, குளியலறை வேண்டாம். ஆவியே அதைக் கத்த வைக்கும். சாம்பிராணி போடும் சாமித்தட்டுக்கு நேர் மேலேயும் வேண்டாம். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். பத்து வருடமானால் புதிதாக மாற்றுங்கள்.

ஜேர்மனியின் எல்லா மாநிலங்களிலும், பிரான்ஸில் 2015 முதலும் வீடுகளுக்கு இது சட்டப்படி கட்டாயம். சுவிஸில் அப்படியொரு பொதுக் கட்டாயம் இல்லை. வீட்டு நிர்வாகம் பூட்டித் தரும் என்று காத்திருக்காமல் நாங்களே வாங்கவேண்டும். வாடகை வீட்டில் துளை போட விருப்பமில்லையா? ஒட்டும் காந்தத் தகட்டோடும் கிடைக்கிறது.

காபனோரொட்சைட்டு வேறு விடயம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை அலாரம் அதைக் கண்டுபிடிக்காது. எரிவாயு கொதிகலனோ விறகு அடுப்போ உள்ள வீட்டுக்குத் தனி அலாரம் வேண்டும். அந்த அறையில் அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீற்றர் தூரத்திலும், படுக்கையறையில் தலையணை உயரத்திலும் வையுங்கள். பல்கனியில் கோழி சுட்ட கரிச்சட்டியை, தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே கொண்டு வராதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, சத்தி, தலைசுற்று வந்தால் உடனே எல்லோரும் வெளியேறி 144ஐ அழையுங்கள்.

அலாரம் கத்தினால் 118. படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் இறங்கி ஓடாதீர்கள். கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, யன்னலருகே நின்று தீயணைப்புப் படையினருக்குக் கை காட்டுங்கள். டொச் தெரிந்த பிள்ளை அருகில் இல்லாத நேரத்திலும் சொல்லக்கூடியதாக, வீட்டு முகவரியை அப்பம்மாவுக்கும் பழக்கி வையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு அலாரம் பிள்ளைகளின் அறை வாசலுக்கு மேலே, நடையில் இருக்கிறது. மனைவி கடுகு தாளிக்கிறார், அது பேசாமல் இருக்கிறது. இன்றிரவு படுக்கமுன் உங்கள் வீட்டுச் சீலிங்கையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.