உழவு இயந்திரத்துக்கேற்ற எண்ணெய் வடிகட்டியைத் தெரிந்தெடுத்தல்

கமக்காரர் தம் உழவு இயந்திரத்துக்கென வாங்கும் பொருட்களுள் விலையாற் சிறியதும் விளைவாற் பெரியதுமானது எண்ணெய் வடிகட்டியாகும். கடைகளில் இதனை 'ஒயில் பில்டர்' என்று கேட்டு வாங்குகிறோம். போகக் கூட்டத்திலே தீர்மானிக்கப்பட்ட நாளில் குளத்து நீர் வாய்க்காலுக்கு வந்துவிடும். அந்நீர் உங்கள் இயந்திரம் பழுது பார்க்கப்படும்வரை காத்திராது. எஞ்சினின் கிராங் தண்டு அரைந்து இயந்திரம் கராஜிலே நின்றுவிடுமாயின், உழவு பிந்தும், விதைப்பும் பிந்தும், கூலிக்கு வேறோர் இயந்திரம் பிடிக்க வேண்டிவரும். தண்டைக் கடைந்து புதிய பெயாரிங் இடும் செலவோ, பல ஆண்டுகளுக்கு நல்ல வடிகட்டி வாங்கும் செலவினும் மிகும். அவ்வாறிருந்தும், "இதுவும் அதே புரிதான், பூட்டலாம்" என்ற கடைக்காரரின் ஒரு சொல்லை நம்பியே பலர் வடிகட்டியை வாங்கிச் செல்கின்றனர். பூட்டக்கூடிய வடிகட்டியெல்லாம் பொருத்தமான வடிகட்டி ஆகாது. அது ஏன் என்பதை இங்கு விளக்குவோம்.

எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை ஒரு பம்பி உறிஞ்சி, சதுர அங்குலத்துக்குச் சில பத்து இறாத்தல் அமுக்கத்தில் வடிகட்டிக்கு அனுப்புகின்றது. வடிகட்டியின் அடித்தட்டிலே வட்டமாயமைந்த சிறு துளைகள் வழியே உட்புகும் எண்ணெய், மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்ட காகிதத்தின் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக ஊடுருவி, நடுத்துளையால் வெளியேறி, கிராங் தண்டின் பெயாரிங்குகளுக்குச் செல்கின்றது. தண்டுக்கும் பெயாரிங்குக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறிற் சில பங்கேயாகும். சுமை ஏறும்பொழுது அவ்விடத்து எண்ணெய்ப் படலம் அதனினும் பன்மடங்கு மெலிந்துவிடும். மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிப்புச் சுமார் 70 மைக்கிரோன். பெயாரிங்கை அரைப்பனவோ கண்ணுக்குத் தோன்றாத 10, 20 மைக்கிரோன் அளவான துகள்கள். இவற்றுட் பெரும்பாலானவை வயற் புழுதியிலுள்ள மணலும், எஞ்சினிலிருந்தே தேய்ந்து வரும் இரும்புமாகும். இவற்றைப் பிடித்து நிறுத்துவது வடிகட்டியின் காகிதமேயன்றி, வெளியே பளபளக்கும் தகரம் அன்று.

"முற்காலத்து எஞ்சின்கள் வடிகட்டி இல்லாமலே ஓடினவே" என்று சொல்வோர் உளர். உண்மைதான். மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டி ஐக்கிய அமெரிக்காவிலே 1923ஆம் ஆண்டளவிலேதான் தோன்றியது. அதற்கு முந்திய எஞ்சின்களில் சில நூறு மைலுக்கொருமுறை எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

முதலில், உங்கள் எஞ்சினில் எவ்வகை வடிகட்டி உள்ளது என்பதை அறிந்துகொள்ளுங்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீரிறைக்கும் சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் வடிகட்டி கிடையாது. அவற்றுக்கு எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுவதே காவல். லான்ட்மாஸ்ரர் என்று நாம் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரங்களின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கம்பிவலை வடி மட்டுமே உண்டு. அதனை எண்ணெய் மாற்றும்போதெல்லாம் கழற்றி, டீசலிற் கழுவி, கிழிவு இல்லையெனக் கண்டபின் பூட்டலாம். நான்குசில்லு இயந்திரங்களில் காகித வடிகட்டி இருக்கும். அதிலும் இருவகை: ஒன்று கிண்ணத்துள் இடப்படும் வெறுங் காகித உருளை; மற்றது தகரத்துள் அடைக்கப்பட்டு முழுதாகத் திருகிப் பூட்டப்படுவது. மாசி பேர்குசன் 35, 135 முதலிய பழைய இயந்திரங்களிற் கிண்ண வகையைக் காணலாம். ஆயின் அவற்றுட் சிலவற்றின் தலைப்பகுதி பிற்காலத்தில் மாற்றப்பட்டு, தகர வகை பூட்டப்பட்டிருக்கும். ஆதலால் இயந்திரத்தின் பெயரை மட்டும் கடையிற் சொல்லி வாங்குதல் போதாது. கழற்றிய பழைய வடிகட்டியைத் துடைத்து, ஒரு பையிலிட்டு, எஞ்சின் கைந்நூலிலுள்ள வடிகட்டி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

இலக்கத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் வடிகட்டியினுள்ளே மறைந்திருக்கும் இரண்டு வால்வுகளாகும். காகிதம் அழுக்கால் அடைபட்டால், அல்லது அதிகாலைக் குளிரில் எண்ணெய் தடித்திருந்தால், எண்ணெய் அதனூடு விரைந்து செல்லாது. அவ்வேளை பெயாரிங் வறண்டு போகாதபடி, அமுக்கம் ஓரளவை மிஞ்சியதும் ஒரு வால்வு திறந்து, எண்ணெயை வடிக்காமலே போகவிடும். அழுக்கு எண்ணெய் தீதுதான். எண்ணெயின்மை அதனினும் கொடிது. இவ்வால்வு எவ்வளவு அமுக்கத்தில் திறக்கவேண்டுமென்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். மிக மெலிந்த சுருள்வில் உடையதாயின் வால்வு எந்நேரமும் சிறிது திறந்தே நிற்கும். அப்பொழுது வடிகட்டி இருந்தும் இல்லாததே. மிகக் கடினமான வில்லாயின், திறக்கவேண்டிய வேளையில் திறவாது. காகிதம் கிழியும் அல்லது நசுங்கும். சில எஞ்சின்களில் இவ்வால்வு எஞ்சினிலேயே அமைந்திருப்பதால், அவற்றின் வடிகட்டியுள் வால்வு இராது. அத்தகைய வடிகட்டியை வால்வு வேண்டிய எஞ்சினிற் பூட்டினால் நேர்வது யாதென நீங்களே ஊகிக்கலாம். புரியும் வளையமும் இரண்டிலும் ஒன்றாகவே இருத்தல் கூடும்!

மற்றைய வால்வு, துளைகளின் பின்னே அமைந்த ஒரு றப்பர்த் தட்டு. எஞ்சின் நின்றபின் வடிகட்டியிலுள்ள எண்ணெய் பின்னோக்கி வடிந்து போகாமல் இது தடுக்கும். வடிகட்டி பக்கவாட்டிலோ, வாய் கீழ்நோக்கியோ பூட்டப்படும் எஞ்சின்களுக்கு இஃது இன்றியமையாதது. இது பழுதாயின் ஒவ்வொரு காலையும் எஞ்சினை இயக்கியவுடன் சில வினாடிகள் உலோகம் தட்டும் ஓசை கேட்கும். எண்ணெய் விளக்கும் அணையத் தாமதிக்கும். அச்சில வினாடிகளில் பெயாரிங் எண்ணெயின்றிச் சுழல்கின்றது என்பதை நினைவிற் கொள்க. சிலிக்கோன் றப்பராற் செய்த தட்டுச் சாதாரண றப்பரினும் நெடுநாள் வெப்பத்தைத் தாங்கும்.

டீசல் வடிகட்டியும் எண்ணெய் வடிகட்டியும் உருவத்தில் ஒத்திருப்பதுண்டு. கையிற் கிடைத்ததை அவசரத்துக்குப் பூட்டும் வழக்கம் அறவே ஒழியவேண்டும். டீசல் வடிகட்டியிற் பொதுவாக மேற்கூறிய திறக்கும் வால்வு கிடையாது. எண்ணெயின் அமுக்கத்துக்கெனச் செய்யப்பட்டதும் அன்று.

கடையிலே வடிகட்டியைக் கையில் வாங்கியதும் அடித்தட்டைப் பாருங்கள். அது சமதளமாக, நெளிவின்றி இருத்தல் வேண்டும். புரிகள் துப்புரவாக, உலோகச் சீவல் ஒட்டாமல் இருத்தல் வேண்டும். அங்கே ஒட்டியுள்ள சீவல் நேரே பெயாரிங்குக்கே செல்லும். றப்பர் வளையம் மென்மையாகவும் தன் பள்ளத்தில் ஒழுங்காகவும் இருக்கவேண்டும்; வெயிலிற் கிடந்து வெடித்ததை வாங்காதீர்கள். நடுத்துளையால் உள்ளே நோக்கினால் துருவற்ற உலோகக் குழாய் தெரியும். சிறிது குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடி ஒலிக்கலாகாது. பெட்டியிலுள்ள இலக்கமும் தகரத்திலுள்ள இலக்கமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். எழுத்துப் பிழையுள்ள பெட்டி, மங்கிய அச்சு, வழக்கத்தினும் மிகக் குறைந்த விலை ஆகியன போலிப் பொருளின் குறிகளாகும். எனினும் போலிகள் இப்பொழுது நல்ல அச்சுடனும் வருவதனால், உங்கள் இயந்திரத்தை விற்ற கொம்பனியின் முகவரிடமோ, பற்றுச்சீட்டுத் தரும் அறிமுகமான கடையிலோ வாங்குவதே நன்று. நிறுவனத்தின் பெயர் மட்டும் போதிய சான்று அன்று. போலி செய்வோர் பின்பற்றுவது நல்ல பெயர்களையே.

வெளியே பார்த்து அறிய முடியாதவற்றை, கழற்றிய வடிகட்டியை வெட்டிப் பார்த்து அறியலாம். எமது கமக்காரர் இதனைச் செய்வது அரிது. செய்வாராயின் கடைக்காரர் சொல்லாதவற்றை அவ்வடிகட்டியே சொல்லிவிடும். எண்ணெயை நன்கு வடியவிட்டபின், தகர வாயின் ஓரத்தைச் சுற்றி வெட்டுங் கருவியால் வெட்டித் திறவுங்கள். அரத்தால் அறுத்தால் அறுபட்ட தூள் உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். மடிப்புகள் ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா, ஒன்றோடொன்று ஒட்டிக் கூடியுள்ளனவா என்று பாருங்கள். காகிதத்தின் இரு முனைகளும் மூடியோடு பசையால் முற்றாக ஒட்டியிருத்தல் வேண்டும். ஓரிடத்தில் விலகியிருந்தாலும் எண்ணெய் அவ்வழியே வடியாமற் சென்றுவிடும். நடுக்குழாய் நசுங்கியிருந்தால் அவ்வடிகட்டி உங்கள் எஞ்சினுக்கு ஏற்றதன்று, அல்லது மாற்றவேண்டிய காலம் நெடிது கடந்துவிட்டது. விலை மலிந்த ஒன்றையும் நல்ல ஒன்றையும் இவ்வாறு வெட்டி அருகருகே வைத்துப் பார்ப்பீராயின், மடிப்புகளின் எண்ணிக்கையிலேயே வேறுபாடு தெரியும். மடிப்புக் குறைந்தால் காகிதப் பரப்புக் குறையும். காகிதப் பரப்புக் குறைந்தால் அது விரைவில் அடைபடும்.

இன்னொரு பயனும் உண்டு. காகிதத்தில் ஒரு துண்டை வெட்டி, பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுங்கும் பொடி சிறிது இருத்தல் இயல்பு. தகடு தகடாக உலோகம் காணப்படின் காந்தத்தை அருகே பிடியுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறமாகவோ வெள்ளியாகவோ மினுங்கினால் அது பெயாரிங்கின் உலோகமாக இருத்தல் கூடும். அடுத்த உழவுக்கு முன்னரே எஞ்சினை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வடிகட்டியைப் பற்றிய பிழையான எண்ணங்கள் இரண்டைக் குறிப்பிடல் வேண்டும். புதிய எண்ணெய் சில நாளிற் கறுத்துவிட்டதெனக் கண்டு வடிகட்டியைப் பழிப்பது ஒன்று. டீசல் எஞ்சினின் எண்ணெய் கறுப்பது புகைக்கரியினால். அக்கரித்துகள் ஒரு மைக்கிரோனிலும் சிறியதாதலால் எந்தக் காகிதமும் அதனை முற்றாக நிறுத்தாது. கரியை எண்ணெயிற் கலந்தே வைத்திருப்பது நல்ல எண்ணெயின் தொழில். காகித வடிகட்டியை டீசலிற் கழுவி மீண்டும் பூட்டுவது மற்றொன்று. காகிதத்தினுள் ஆழ்ந்த துகள் கழுவுவதாற் போகாது. துப்புரவான உட்புறத்துக்கும் அழுக்குச் சேரும். கம்பிவலை வடிக்கு உரிய முறை காகிதத்துக்கு உரியதன்று.

பூட்டும் முறை எளிது. எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெயை வடியவிட்டு, பழைய வடிகட்டியைக் கழற்றியதும், அதன் றப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா எனத் தவறாது பாருங்கள். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கிடக்க, அதன்மேற் புதியதைப் பூட்டினால், அமுக்கம் ஏறியதும் எண்ணெய் பீறி வெளியேறும். சாரதி கவனியாவிடின் எஞ்சின் சில நிமிடத்திற் கெடும். கிண்ண வகையிலும் தலைப்பகுதிப் பள்ளத்திலுள்ள பழைய வளையத்தை எடுத்தே புதியதை இடவேண்டும். புதிய வளையத்திற் சிறிது எண்ணெய் பூசி, கையாற் திருகுங்கள். வளையம் தட்டைத் தொட்டபின் ஏறக்குறைய முக்காற் சுற்று இறுக்கினாற் போதும். சாவியால் இறுக்குதல் வேண்டா. பின் எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எண்ணெய் விளக்கு அணைவதையும், கசிவு இன்மையையும் கண்டு, நிறுத்திச் சிறிது நேரம் கழித்து அளவுகோலைப் பார்த்துக் குறையை நிரப்புங்கள்.

எப்பொழுது மாற்றுவது என்பதில் எமது வழக்கம் பெரிதும் பிழையானது. "போகத்துக்கொருமுறை" என்பர் பலர். பல கைந்நூல்கள் நான்குசில்லு எஞ்சின்களுக்கு 200 அல்லது 250 மணித்தியாலம் எனக் கூறும். பழைய எஞ்சின்களுக்கு அதனிலும் குறைவாகும். நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் ஊரெல்லாம் உழும் இயந்திரத்துக்கு 250 மணித்தியாலம் 25 நாளில் முடிந்துவிடும். மணி காட்டும் கருவி பழுதாயின் ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். புதிய எஞ்சினுக்கும், திருத்தி அமைத்த எஞ்சினுக்கும் முதல் மாற்றம் மிக விரைவில், பெரும்பாலும் 50 மணித்தியாலத்தில், செய்யப்படல் வேண்டும். பெரும்போகத்துக்கு முந்திய புழுதி உழவிலும், சூடடிக்கும் காலத்திலும் காற்று வடிகட்டியை நாடோறும் பாருங்கள். காற்று வழியே மணல் புகவிட்டபின் எத்துணை விலையுயர்ந்த எண்ணெய் வடிகட்டியும் எஞ்சினைக் காக்காது. சிலிண்டரைத் தேய்த்த பின்னரே அம்மணல் எண்ணெய்க்கு வருகின்றது.

கழித்த எண்ணெயையும் வடிகட்டியையும் வாய்க்காலோரத்தில் எறியாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது விரைவிற் கிணற்றுக்கு இறங்கும். வடிகட்டியை ஒரு நாள் கவிழ்த்து வைத்து வடித்து, எண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, கழிவெண்ணெய் கொள்வோரிடமோ கராஜிலோ கொடுத்துவிடுங்கள்.