ஆபரேஷனில் எடுத்த சிலிகான் பையை குப்பையில் போடாதீங்க! பெண்கள் கேட்டு வாங்க வேண்டியது என்ன?

திருச்சி:-

மார்பகத்துக்குள் வைத்த சிலிகான் பையை ஆபரேஷன் செய்து வெளியே எடுத்த பிறகு, அந்தப் பை எங்கே போகிறது? ஆஸ்பத்திரியில் கேட்கவும் கூச்சம், வீட்டில் பேசவும் கூச்சம். அதனால் கேட்காமலேயே வீடு திரும்பும் பெண்கள் உண்டு.

இன்னும் சிலர் கவரில் போட்டு வாங்கி வந்து பீரோவில் வைத்து விடுகிறார்கள். கொஞ்ச நாள் போனதும் பயம் வந்து, ராத்திரியோடு ராத்திரியாக குப்பைத் தொட்டியிலோ ஆற்றிலோ போட்டு விடுகிறார்கள். கேட்காமல் விடுவதும் தப்பு, தூக்கி எறிவதும் தப்பு. அந்தப் பை சில நேரம் முக்கியமான சாட்சி. அஜாக்கிரதையாகப் போட்டால் அடுத்தவருக்கு ஆபத்து.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பணக்காரர் சமாச்சாரம் இல்லை

சிலிகான் பை என்றாலே சினிமா நடிகைகள் வைத்துக் கொள்வது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியில்லை. புற்றுநோயால் மார்பகத்தை எடுத்த பெண்களுக்கும், அந்த இடத்தை மறுபடி உருவாக்க இந்தப் பையை வைப்பது உண்டு.

சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மார்பகங்களுக்கான தனி கிளினிக் தொடங்கப்பட்டது. ஏழைப் பெண்களுக்கும் மார்பக சீரமைப்பு ஆபரேஷன் இலவசமாக செய்யப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆகவே கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

பைக்குள் என்ன இருக்கு?

வெளியே ரப்பர் மாதிரி இருப்பது சிலிகான் உறை. உள்ளே இரண்டு வகை. ஒன்றில் கெட்டியான சிலிகான் ஜெல் இருக்கும். இன்னொன்றில் உப்புத் தண்ணீர், அதாவது சலைன் இருக்கும். சிலிகான் ஜெல் பை முதன்முதலாக 1962-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது.

இது ஆயுசுக்கும் தாங்கும் பொருள் கிடையாது. வருஷம் போகப் போக உறை கிழியலாம். பையைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு சவ்வை உருவாக்கும். அது இறுகிப் போனால் வலி வரும், வடிவம் மாறும். சிலருக்கு சீழ் பிடிக்கும். இப்படிப்பட்ட காரணங்களால்தான் பையை வெளியே எடுக்கிறார்கள்.

ஏன் இது சாட்சி?

பிரான்ஸ் நாட்டில் பி.ஐ.பி. என்று ஒரு கம்பெனி இருந்தது. மனித உடம்புக்கு அனுமதிக்கப்படாத, தொழிற்சாலை வேலைக்கான மலிவு சிலிகானை பைகளில் அடைத்து பல நாடுகளுக்கு விற்றது. 2010-ம் ஆண்டு இந்த மோசடி அம்பலமானது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்கள் உடம்பில் அந்தப் பை இருந்தது. கம்பெனி முதலாளிக்கு 2013-ம் ஆண்டு டிசம்பரில் பிரான்ஸ் கோர்ட்டு 4 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

அதோடு முடியவில்லை. அலர்கன் என்ற கம்பெனியின் சொரசொரப்பான ‘பயோசெல்’ வகைப் பைகள் 2019-ம் ஆண்டு ஜூலை மாதம் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. மார்பகப் பையைச் சுற்றி உருவாகும் ஒரு அபூர்வமான நிணநீர் புற்றுநோய்தான் காரணம். அதுவரை உலகம் முழுவதும் 573 பேருக்கு அந்த நோய் வந்திருந்தது, 33 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் உடம்பில் இருந்தது அலர்கன் கம்பெனியின் பை.

இதைப் படித்து யாரும் பயந்து ஓட வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் அதற்காக பையை எடுக்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு அப்போதே சொன்னது. ஆனால் பல வருஷம் கழித்து திடீரென்று வீக்கம், வலி, கட்டி தெரிந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு சம்பவத்திலும் பெண்களுக்கு முதலில் வந்த கேள்வி, “என் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனி பை?” என்பதுதான். கையில் சீட்டு இருந்தவர்களுக்கு பதில் கிடைத்தது. இல்லாதவர்கள் அலைந்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது

இடுப்பு மூட்டு விஷயத்தில் இதே கதை நம் நாட்டிலும் நடந்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டீபுய் கம்பெனியின் ‘ஏ.எஸ்.ஆர்.’ செயற்கை இடுப்பு மூட்டு, 2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டிருந்தது.

பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் குறைந்தது ரூ.20 லட்சம் நஷ்டஈடு தர வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு பரிந்துரை செய்தது. 2018-ல் இது வெளியே வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நஷ்டஈடு கேட்கப் போனால், “உனக்கு அந்த மூட்டுதான் வைத்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கு பதில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஸ்டிக்கர் முக்கியம்

ஒவ்வொரு பையோடும் ஸ்டிக்கர் வரும். கம்பெனி பெயர், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். பை வைக்கும் அன்றே ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை நீங்க கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் பத்திரமாக வைக்கணும்.

“அப்பவே வாங்கலையே, இப்ப என்ன பண்றது?” என்று கேட்கலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. ஆனால் 3 ஆண்டு வரைதான் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. தள்ளிப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்க

மயக்க ஊசி போட்ட பிறகு எதையும் கேட்க முடியாது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் நேரம்தான் சரியான நேரம். “எடுக்கிற பையை என்ன செய்வீங்க? எனக்கு வேணும்னா தருவீங்களா? போட்டோ எடுத்துத் தருவீங்களா?” என்று கேளுங்க. வேண்டும் என்றால் எழுதிக் கொடுங்க. டாக்டரிடம் நேரில் கேட்க கூச்சமாக இருந்தால் நர்சிடம் சொல்லலாம், துணைக்கு வரும் அக்கா தங்கையை கேட்கச் சொல்லலாம்.

எடுத்த பிறகு மூன்று வழிதான் இருக்கிறது.

முதல் வழி, ஆஸ்பத்திரியிலேயே விட்டு விடுவது. எந்தப் பிரச்சினையும் இல்லாத பை என்றால் இதுதான் நல்லது. மருத்துவக் கழிவு மேலாண்மை விதி 2016-ன்படி ஆஸ்பத்திரி கழிவுகளை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வாரியாகப் பிரிக்க வேண்டும். பாதுகாப்பாக அழிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. போட்டோவும், ‘பை எடுக்கப்பட்டது’ என்ற குறிப்பும் மட்டும் வாங்கிக் கொண்டால் போதும்.

இரண்டாவது வழி, சோதனைக்கு அனுப்புவது. பை கிழிந்திருந்தாலோ, வீக்கம், கட்டி இருந்தாலோ டாக்டரே இதைச் சொல்வார். இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். புற்றுநோய் சந்தேகம் இருந்தால் பையை விட, அதைச் சுற்றி இருக்கும் நீரும் சவ்வும்தான் முக்கியம். அவற்றை பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, ரிப்போர்ட்டை வாங்கி வைக்கணும்.

மூன்றாவது வழி, வீட்டுக்கு வாங்கி வருவது. சீழ் பிடித்த பை என்றால் தரமாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது.

வீட்டில் எப்படி வைப்பது?

எதற்காக வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு பண்ணுங்க.

கேஸ் போடும் எண்ணம் இருந்தால் பையைக் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் எந்த நிலையில் சீல் வைத்துக் கொடுத்தார்களோ அப்படியே இருக்கணும். டப்பாவின் மேல் பெயர், தேதி, இடது பக்கமா வலது பக்கமா என்பது எழுதி இருக்க வேண்டும். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று ஒரு சீட்டும் வேண்டும். நடுவில் யாராவது திறந்து பார்த்தால், “இது அதே பைதானா?” என்ற சந்தேகம் கோர்ட்டில் கிளம்பும். வக்கீலிடம் பேசும் வரை கை வைக்காதீங்க.

சும்மா ஞாபகத்துக்கு என்றால், ஆஸ்பத்திரியிலேயே கிருமி நீக்கம் செய்து தரச் சொல்லணும். இட்லி குண்டானில் வைத்து வேக வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீங்க. கொதி தண்ணீருக்கும் சாகாத கிருமி உண்டு. சமையல் பாத்திரமும் பாழ்.

இறுக்கமான மூடி உள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வைக்கணும். பிரிட்ஜில் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. அமுக்கினால் மெத்தென்று இருப்பதால் பிள்ளைகள் விளையாட்டுப் பொருள் என்று எடுத்து விடுவார்கள். ஊசி, கத்திரிக்கோல் பக்கத்தில் வைக்காதீங்க.

உறை கிழிந்து ஜெல் வெளியே வந்தால் பதற வேண்டாம். கையுறை போட்டுக் கொண்டு காய்ந்த பேப்பர் அல்லது பஞ்சால் வழித்து எடுங்க. ஜெல் பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினால் பரவுமே தவிர போகாது. வழித்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, கடைசியில் சோப்பு போட்டு கழுவணும். ஸ்பிரிட் இருக்கும் இடத்தில் அடுப்பு, விளக்கு கூடாது.

சலைன் பையை நாள் கணக்கில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீரில் பூஞ்சை வளரலாம். அதனால் ஆஸ்பத்திரியிலேயே தண்ணீரை எடுத்துவிட்டுத் தரச் சொல்வது நல்லது.

காவிரியில் விடலாமா?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காரியம் முடித்துவிட்டு பழைய துணிகளை ஆற்றோடு விடுவது பலருக்கு வழக்கம். “உடம்பில் இருந்தது, அதையும் ஆற்றில் விட்டால் தோஷம் போகும்” என்று நினைக்கலாம். சிலிகான் மக்காது. காவிரியில் விட்டாலும் கொள்ளிடத்தில் விட்டாலும் அது அப்படியே கிடக்கும். தோட்டத்தில் புதைத்தாலும் அதே கதைதான்.

வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது. காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அந்தக் கவரை கையால்தான் பிரிக்கிறார். ரத்தம் பட்ட பொருளா, கிருமி இருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நம் கூச்சத்துக்கு அவர் ஏன் விலை கொடுக்கணும்? வேண்டாம் என்று தோன்றினால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே திரும்பக் கொடுப்பதுதான் முறை.

பிளேட், பேஸ்மேக்கர் இருந்தால்?

விபத்தில் கால் உடைந்து வைத்த பிளேட், ஸ்குரூ, கம்பிக்கும் இதே பேச்சுதான். உடம்பிலிருந்து எடுத்த உலோகப் பொருட்களை நீல நிறப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. “ஸ்டீல்தானே” என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீங்க.

பேஸ்மேக்கர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் பேட்டரி இருப்பதால் தகனம் செய்யும்போது வெடிக்கும். இங்கிலாந்தில் 1976-ம் ஆண்டே இப்படி ஒரு சம்பவம் நடந்தது. ஓயாமரிக்கோ, வேறு எந்த மயானத்துக்கோ கொண்டு போகும் முன்பு, இறந்தவர் உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரிடம் சொல்லி அதை எடுத்துவிட வேண்டும். அங்கே வேலை செய்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

புகார் எங்கே செய்வது?

பையால் பாதிப்பு வந்தால் அதை பதிவு செய்ய மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்க 2015-ம் ஆண்டு ஜூலையில் இது தொடங்கப்பட்டது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தகவல் சொல்லலாம்.

நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது சீட்டைத்தான். அதனால் பை வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே விட்டாலும் பரவாயில்லை, ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட் மூன்றையும் வாங்காமல் வீட்டுக்கு வராதீங்க. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் உடம்பில் இருந்த பொருளைப் பற்றித் தெரிந்து கொள்வது உங்கள் உரிமை.